டீச்சரிடம் கேளுங்கள்: ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதற்கு இங்கிலீஷில் என்ன?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘ஸ்கேரி’ வேறு, ‘கிரீப்பி’ வேறு என்று. அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. பிரிப்பொசிஷன் கேட்டிருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாலஸிலிருந்து பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். பன்னிரண்டு வயது. ஷோகேஸில் இருக்கும் தலையாட்டி பொம்மையைப் பார்த்து ‘கிரீப்பி’ என்கிறாள். அந்த அறையில் படுக்கச் சொன்னால் ‘ஹீபி-ஜீபீஸ்’ வருகிறதாம். நம் ஊர் பொம்மையை இப்படித் திட்டலாமா? ஹீபி-ஜீபீஸ் என்றால் ஏதாவது வியாதியா?
– ஒரு பாட்டி, கரந்தை, தஞ்சாவூர்

அக்கா, பேத்தி திட்டவில்லை. அந்தப் பொம்மை மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் பேத்தி கட்சி.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரிப் பொம்மை, பாவாடை தனி, இடுப்புக்கு மேலே தனி, தலை தனி, ஒவ்வொன்றும் கம்பி முனையில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு ஆடும். மன்னார்குடியில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். ஒரு மாசி மாத ராத்திரி, மணி இரண்டு இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். கரண்ட் இல்லை. ஃபேன் ஓடவில்லை, ஜன்னல் எல்லாம் கொசுவுக்காகச் சாத்தியிருக்கிறது. டார்ச்சைத் திருப்பினால், பொம்மை தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. வேண்டாம், வேண்டாம் என்று யாரிடமோ சொல்வது போல. நான் கத்தவில்லை. ஓடவும் இல்லை, பொம்மையைப் பார்த்து ஓடுவார்களா? ஆனால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பவும் மனசு வரவில்லை. செம்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிடரியிலிருந்து இடுப்பு வரை ஏதோ ஊர்ந்தது.

அதுதான் கிரீப்பி. வெறிநாய் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தால் அது ஸ்கேரி. ஓட வேண்டும் என்று காலுக்குத் தெரியும். பயப்படுவதா வேண்டாமா என்றே முடிவாகாமல் நிற்க வைப்பது கிரீப்பி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் நாக்ஸ் கல்லூரியைச் சேர்ந்த மெக்ஆண்ட்ரூ, கோன்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1,341 பேரிடம் கேட்டு 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலைதான் இந்த உணர்ச்சியைக் கிளப்புகிறது என்பது அவர்கள் கருத்து. எந்தத் தொழில்காரர் மிகவும் கிரீப்பி என்ற கேள்விக்கு முதலிடம் யாருக்குத் தெரியுமா? கோமாளிக்கு. செத்த மிருகத்துக்குப் பஞ்சடைத்து நிற்க வைப்பவர் இரண்டாவதுதான்! எனக்கு ஆச்சரியம். நம் ஊர் வள்ளி திருமண நாடகத்தில் பபூன் வராவிட்டால் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். ஆனால் யோசித்தால் புரிகிறது. வரைந்த சிரிப்புக்குப் பின்னால் அந்த ஆள் உண்மையில் சிரிக்கிறானா என்று தெரியாதே.

என் பொம்மைக்கு இரண்டு நாள் கழித்து விடை கிடைத்தது. கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பியபோது தரை லேசாக அதிர்ந்தது. லாரி போய் வெகுநேரம் கழித்தும் பொம்மை ஆடிக்கொண்டே இருந்தது. அறுவடை சமயம் அல்லவா, ராத்திரியும் பகலும் லாரிதான். இப்போதெல்லாம் அது தலையாட்டினால் ‘லோடு போகுது’ என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்துவிடுகிறேன். பேத்திக்கும் இதைச் செய்து பாருங்கள். பொம்மையை அவள் கையில் கொடுத்து, தலையைக் கழற்றி, கம்பி எங்கே உட்காருகிறது என்று காட்டுங்கள்.

1970-இல் மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ நிபுணர் இன்னொன்று சொன்னார். இயந்திரம் மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே வரும். ‘கிட்டத்தட்ட மனிதன்’ என்ற இடத்துக்கு வந்ததும் சட்டென்று பள்ளத்தில் விழுந்தது போல ஒவ்வாமல் போகும். அதை இங்கிலீஷில் ‘அன்கேனி வேலி’ என்கிறார்கள்; நம் ஊர் வேலி இல்லை, பள்ளத்தாக்கு. இதைத் தலையாட்டி பொம்மைக்குப் பொருத்த வேண்டாம். அந்த உருண்டைக் கண்ணையும் பூசணிக் கன்னத்தையும் பார்த்து யாரும் மனுஷி என்று ஏமாறப் போவதில்லை. ஜவுளிக்கடை வாசலில் புடவை கட்டி நிற்கிறதே, அதற்குப் பொருந்தும். அதிலும் விரல் ஒடிந்தது என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹீபி-ஜீபீஸ் வியாதி இல்லை. 1923-இல் பில்லி டிபெக் என்ற அமெரிக்கக் கார்ட்டூன்காரர் தன் படத்தொடரில் கொண்டுவந்து புழக்கத்தில் விட்ட சொல். ஹீபிக்கும் அர்த்தமில்லை, ஜீபிக்கும் அர்த்தமில்லை. சேர்த்துச் சொன்னால் உடம்பு உதறுகிறது. நம் கன்னாபின்னாவில் ‘பின்னா’ என்ன என்று கேட்டால் என்ன சொல்வோம், அப்படித்தான்.

ஆனால் நீங்கள் வியாதியா என்று கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏனென்றால் இங்கிலீஷ்காரர்கள் இந்தச் சொற்களை வியாதி போலத்தான் நடத்துகிறார்கள். த கிரீப்ஸ், த வில்லீஸ், த ஜிட்டர்ஸ், த ஹீபி-ஜீபீஸ் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘த’, கடைசியில் பன்மை ‘ஸ்’. த மீசில்ஸ், த மம்ப்ஸ் என்று அம்மையையும் பொன்னுக்கு வீங்கியையும் சொல்கிற மாதிரியே. ‘இட் கிவ்ஸ் மி த கிரீப்ஸ்’ என்றால் ‘எனக்கு ஒட்டிக்கொண்டது’. எங்கள் அப்பாயியும் அப்படித்தான் பார்த்தாள். பிள்ளை ராத்திரியில் தூக்கத்தில் உதறி அழுதால் ‘பயந்த கோளாறு’ என்பாள். கோயிலில் திருநீறு போட்டுக்கொண்டு வருவாள். அதிலும் சரியாகவில்லை என்றால் கூத்தாநல்லூர் பள்ளிவாசலில் மாலைத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் பிள்ளையை நீட்டி ஓதி ஊதச் சொல்வாள். நான் ஊதப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி.

கிரீப் என்பதன் இறந்தகாலம் கிரெப்ட் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் யூடியூபில் எல்லோரும் ‘ஐ வாஸ் கிரீப்ட் அவுட்’ என்கிறார்களே டீச்சர். எது தப்பு?
– கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

இரண்டும் சரி தம்பி. பூனை சத்தமில்லாமல் சமையல்கட்டுக்குள் ஊர்ந்து போனால் கிரெப்ட். பூனையின் கண் இருட்டில் பச்சையாக மின்னி உனக்கு ஒரு மாதிரி ஆனால் நீ கிரீப்ட் அவுட். புதிய பொருளுக்குப் பழைய இறந்தகாலம் ஒட்டவில்லை. அவுட் இல்லாமல் ‘ஐ வாஸ் கிரீப்ட்’ என்று சொல்லிவிடாதே.

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. பி.ஏ. படிக்கும்போது டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்ட் எங்களுக்குப் பாடம். 1849, 50-இல் தொடராக வந்த நாவல். அதில் கடற்கரையில் பழைய படகு வீட்டில் கம்மிட்ஜ் என்று ஒரு விதவை அம்மாள், எப்போதும் குளிருது, கஷ்டம் என்று புலம்பிக்கொண்டிருப்பாள். குளிரில் முதுகில் ஏதோ வருகிறது, அதற்கு ‘த கிரீப்ஸ்’ என்று பேர் வைத்திருப்பாள். எங்கள் பேராசிரியர் அந்த இடத்தில் புத்தகத்தை இறக்கி வைத்துவிட்டு, ‘அதாவது அந்த அம்மாள் முதுகில் ஊர்வன ஊருகின்றன’ என்றார். பல்லி, பாம்பு எல்லாம் கணக்கில் வரும். நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். பரீட்சையிலும் எழுதினோம். வெகு காலம் கழித்துத்தான் அது தப்பு என்று தெரிந்தது. அதற்கும் வெகு காலம் கழித்து, டார்ச்சும் செம்புமாக நின்ற அந்த ராத்திரியில், மனுஷர் ஒன்றும் அவ்வளவு தப்பாகச் சொல்லவில்லை என்று தோன்றியது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்தவர். தொட்டதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஆனால் வேலை செய்யும்போது நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். நான் பையை எடுத்தால் அவரும் எடுப்பார்; மாடிப்படியில் ஒரு படி பின்னாலேயே இறங்குவார். சென்னைத் தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் புகார் எழுத வேண்டும். ‘ஹி இஸ் கிரீப்பி’ என்று எழுதலாமா? அம்மா, ‘ஒண்ணும் பண்ணலையே, நீயா ஏதாவது நினைச்சுக்கிறியா’ என்று கேட்கிறார்.
– பெயர் வேண்டாம், திருவாரூர்

கண்ணு, முதலில் அம்மாவுக்கு: அவள் நினைத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் செய்யாமலேயே ஒருவரை இப்படி உட்கார முடியாமல் செய்யலாம். அந்தச் சொல் இருப்பதே அதற்காகத்தான்.

ஆனால் புகாரில் அந்தச் சொல் வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, அது பேச்சுச் சொல். சிநேகிதிக்கு வாட்ஸப்பில் சரி, கோப்பில் ஏறினால் விளையாட்டாகத் தெரியும். ஹீபி-ஜீபீஸ் என்று எழுதினால் படிக்கிறவர் சிரித்தே விடுவார். இன்னொன்று, கிரீப்பி என்பது உன் முதுகில் நடப்பதைச் சொல்கிறது; அவர் செய்ததைச் சொல்லவில்லை. அவர் தரப்பில் ‘அது அவங்க உணர்ச்சி’ என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். ‘ஹி இஸ் எ கிரீப்’ என்பது அதற்கும் மேல், ஆளையே குற்றம் சொல்வது.

என்ன எழுத வேண்டும்? தேதி, நேரம், இடம், எத்தனை நிமிஷம், பக்கத்தில் யார் இருந்தார்கள். ‘ஹி ஸ்டுட் பிஹைண்ட் மை சேர்’, ‘ஹி ஃபாலோட் மி டவுன் த ஸ்டெர்ஸ்’. ஒட்டு மொத்தமாகச் சொல்லாமல் ஒவ்வொரு நாளையும் தனி வரியாக எழுது. கடைசியில் இரண்டே இரண்டு சொல் போதும். ‘அன்கம்ஃபர்டபிள்’ ஒன்று. ‘அன்வெல்கம்’ இன்னொன்று. இரண்டாவது மிக முக்கியம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013 சட்டம் நிற்பதே அந்தச் சொல்லின் மேல்தான். ‘நான் விரும்பாத’ என்று அர்த்தம். நீ விரும்பவில்லை என்பதைச் சொல்ல உன்னைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சின்ன அலுவலகம் என்றால் மாவட்ட அளவில் அதற்கென்று குழு உண்டு. யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் 181-க்குப் போன் செய்.

நகல் ஒன்று வீட்டில் வைத்துக்கொள். எழுதியதை எனக்கு அனுப்பினால் இலக்கணம் பார்த்துத் தருகிறேன், பத்திரிகையில் போடாமல்.

‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?
– வாசகர், பாபநாசம்

புளியைக் கொண்டுபோக வேண்டாம், அவர்களுக்குப் புரியாது. மேடை ஏறும் முன், பெண் பார்க்கப் போகும் முன் வருகிற கலக்கத்துக்குப் ‘பட்டர்ஃப்ளைஸ்’, வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி. கொஞ்சம் இனிப்பான பயம் அது. அசல் புளிக் கரைசலுக்குக் ‘காலிவாபில்ஸ்’ என்று பிரிட்டிஷ்காரர்களின் பழைய சொல் ஒன்று உண்டு. வயிற்று வலியைக் குறிக்கும் காலிக்கும், ஆட்டத்தைக் குறிக்கும் வாபிளும் கலந்தது என்பார்கள். வயிற்றுப்போக்குக்கும் அதையே சொல்வதால், பக்கத்தில் இருக்கிறவர் உங்களை எந்தப் பக்கம் கைகாட்டுவார் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

சஸ், கிரிஞ்ச், இக். என் பையன் பேசுவது இந்த மூன்று வார்த்தைதான். விளக்கம் தேவை.
– ஒரு தகப்பனார், நாகப்பட்டினம்

சஸ் என்றால் ‘ஆள் சரியில்லை, சந்தேகமா இருக்கு’. அமங் அஸ் என்ற விளையாட்டு 2020-இல் பிரபலமானபோது பிள்ளைகள் வாயில் ஏறியது. ஆனால் சொல் பழசு. பிரிட்டனில் 1824-ஆம் வருஷத்து நாடோடிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு, சந்தேகம் என்ற பேரில் போலீஸ் யாரை வேண்டுமானாலும் பிடித்தது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘சஸ் லா’. 1981-இல்தான் ஒழித்தார்கள். கிரிஞ்ச், அடுத்தவர் மானம் போவதைப் பார்த்து நமக்குக் கூசுவது. இக், பிடித்துப்போன ஆளிடம் ஏதோ ஒரு அற்ப விஷயத்தைப் பார்த்துச் சட்டென்று குமட்டிப்போவது. பையனுக்கு என்ன வயசு என்று நீங்கள் எழுதவில்லை. மூன்றாவது வார்த்தையை யாரைப் பற்றிச் சொல்கிறான் என்று கவனியுங்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்க்கொண்டிருந்தோம். சாயங்காலம். காரணமே இல்லாமல் எனக்கு உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. கூட வந்த வெளிநாட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ‘யாரோ உன் கல்லறை மேல் நடக்கிறார்கள்’ என்றார். சாபமா அது?
– படகு ஓட்டுபவர், முத்துப்பேட்டை

சாபமில்லை தம்பி, வெறும் பேச்சு வழக்கு. காரணமில்லாத நடுக்கம் வந்தால், பின்னாளில் உனக்குக் கல்லறை வரப்போகிற இடத்தை இப்போதே யாரோ மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வது. 1738-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் அச்சில் ஏற்றிவிட்டார். அவர் எழுதியது மேல்தட்டு ஆட்கள் வீட்டு அரட்டையைக் கிண்டல் பண்ணிய புத்தகம். அப்படியென்றால் அப்போதே எல்லார் வாயிலும் தேய்ந்த பேச்சாக இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆற்றங்கரையில் எரித்துச் சாம்பலைக் கரைத்துவிடுகிறோம். எனக்கு நடுக்கம் வந்தால் யார் எங்கே நடப்பது?

அந்தக் காட்டுக்குள் கொள்ளிவாய்ப் பிசாசு உண்டு என்று சின்ன வயதில் சொல்வார்கள். இருட்டில் நெருப்பு மாதிரி ஒன்று எரிந்து அணையும், பக்கத்தில் போனால் நகர்ந்து போகும். சதுப்பில் மக்கும் இலைதழையிலிருந்து கிளம்பும் வாயு எரிவது என்று விளக்குகிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் அதற்கு ‘வில்-ஓ-த-விஸ்ப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கோல் பந்தம் பிடித்த வில் என்று அர்த்தம். நமக்குப் பிசாசு, அவர்களுக்கு வில்லியம். அடுத்த முறை அந்த வெளிநாட்டுக்காரர் வந்தால் இதைச் சொல்லிச் சிரியுங்கள்.

நாதஸ்வரத்தில் தோடி கேட்டால் வருவதும் ‘கூஸ்பம்ப்ஸ்’, பேய்ப் படம் பார்த்தால் வருவதும் ‘கூஸ்பம்ப்ஸ்’. இது என்ன நியாயம்?
– ரசிகர், கும்பகோணம்

உடம்புக்கு அவ்வளவுதான் தெரியும். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு குட்டித் தசை. அட்ரினலின் சுரந்தால் இழுத்துப் பிடிக்கும், மயிர் குத்திட்டு நிற்கும். தோடியா பேயா என்று அது விசாரிப்பதில்லை. இறகு பிடுங்கிய வாத்துத் தோலைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் புள்ளிதான் கூஸ்பம்ப்ஸ்; பிரெஞ்சுக்காரர்கள் கோழிச்சதை என்கிறார்கள். நாம் புல்லரிப்பு என்கிறோம். கோழியைவிடப் புல் மேல்.

தமிழில் இல்லாத சொல்லா? கிரீப்பியாம், வில்லீஸாம். தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பக்கத்தை இதற்கு வீணாக்குவது நியாயமா?
– பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர், திருவையாறு

ஐயா, வணக்கம். திட்டியதற்கு நன்றி, உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிச் சொல்லும் மெய்ப்பாட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

சொல்லுக்குப் பஞ்சமில்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. இங்கிலீஷ்காரர்களிடம் இல்லாத கணக்கு நம்மிடம் இருக்கிறது. ‘திக்’ என்றால் ஒரு நொடி. ‘திக் திக்’ என்றால் அது ஓயவில்லை. ‘பகீர்’ என்பது சேதி காதில் விழுந்த நேரத்தில். கிலி வந்து பிடித்துக்கொள்கிறது, விட்டுப் போவதில்லை. கை கால் ஆடினால் உதறல்; ஆடக்கூடத் தெம்பில்லாமல் துவண்டால் வெலவெலப்பு. போன் வந்து மணி அடித்ததிலிருந்து உட்கார்ந்து அழுகிற வரை வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்.

ஆனால் தொல்காப்பியர் அச்சத்துக்குச் சொன்ன நான்கு காரணங்களை எண்ணிப் பாருங்கள். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. விலங்கு பாயும், கள்வன் பறிப்பான், அரசன் தண்டிப்பான். மூன்றும் தெரிந்த ஆபத்து. மூன்றும் ஸ்கேரி. அணங்கு, அதாவது வருத்தும் தெய்வம், ஒன்றுதான் கண்ணுக்குப் படாதது, இருக்கிறதா இல்லையா என்று நிச்சயமில்லாதது. கிரீப்பிக்கு நேர் சொல் தேடினால் நான் அந்தப் பக்கம்தான் போவேன். ஆனால் ‘அந்த ஆளைப் பார்த்தால் அணங்கா இருக்கு’ என்று பஸ்ஸில் யாராவது சொல்வார்களா?

ஆகவே என் ஓட்டு நம் வீட்டுப் பேச்சுக்கு. ‘ஒரு மாதிரியா இருக்கு.’ எந்த மாதிரி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்தால் அது வேறு உணர்ச்சி. அந்த 1,341 பேரிடம் கேட்டு எழுதியதை மூன்று சொல்லில் வைத்திருக்கிறோம். நீங்கள் இதை ஒத்துக்கொள்வீர்களோ மாட்டீர்களோ. அடுத்த கடிதத்தில் திட்டுங்கள்.

கஜா புயல் அடித்த மறுநாள் காலை எங்கள் தோப்பில் நின்றேன். ஒரு தென்னை நிற்கவில்லை. சத்தமே இல்லை, காகம்கூடக் கத்தவில்லை. அந்த உணர்ச்சிக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை? மகள் ‘கிரீப்பி’ என்கிறாள். எனக்கு ஒப்பவில்லை.
– விவசாயி, பேராவூரணி பக்கம்

உங்களுக்கு ஒப்பாதது சரி. அந்த இடத்தில் கிரீப்பி நிற்காது, ஸ்பூக்கி சுத்தமாக நிற்காது. அது பிள்ளைகளுக்குப் பேய்க் கதை சொல்கிற சொல், டச்சுக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்டது. ‘ஈரி’ என்று ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பக்கத்துச் சொல். ஆரம்பத்தில் அது இடத்தைச் சொல்லவில்லை, பயந்துபோய் நிற்கிற மனுஷனைச் சொன்னது. அப்புறம்தான் அவன் நிற்கிற இடத்துக்கு மாறியது. ‘ஈரி சைலன்ஸ்’ என்று எழுதுங்கள். சத்தம் இருந்தே ஆக வேண்டிய இடத்தில் சத்தம் இல்லாமல் இருப்பது.

2018 நவம்பர் 16. விடிவதற்கு முன்னால் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. நீங்கள் இருக்கிற பக்கம் பட்டது எங்களுக்குப் பட்டதைவிட அதிகம்; தோப்பை வைத்துப் பிழைக்கிறவர்களிடம் நான் சொல் பொறுக்கிக் கொடுப்பதே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மன்னார்குடியில் விடிந்ததும் அடுப்பைப் பற்ற வைக்கலாம் என்று சமையல்கட்டுக்குள் போனேன். ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. அந்த வீட்டில் இருபத்தாறு வருஷம் சமைத்திருக்கிறேன். அந்த ஜன்னலிலிருந்து கோபுரம் தெரியாது. பக்கத்து வீட்டுத் தென்னைமரங்கள்தான் தெரியும். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நம் வீட்டில்தான் நிற்கிறோமா என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தேன்.